பழைய மடிக்கணினி, புதிய இயங்குதளம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் பத்தாண்டுகளாக அனுப்பிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தன. மறுநாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங் போன்ற சிறுநகரங்களில் கோயில் அலுவலகம், டியூஷன் மையம், கடையின் கணக்குமேசை என்று பல இடங்களில் 2015க்கும் 2018க்கும் இடையில் வாங்கிய மடிக்கணினிகள்தாம் இன்னும் வேலை பார்க்கின்றன. அவை வழக்கம்போலத் திறந்தன, ரசீது அடித்தன, கடிதம் அச்சிட்டன. ஓடுகிற கணினியை எதற்குத் தொட வேண்டும் என்ற எண்ணம் இதனால்தான் எளிதில் வந்துவிடுகிறது.

விண்டோஸ் 11க்கு மாற முடியாமல் குப்பைக்குப் போகக்கூடிய கணினிகள் உலகெங்கும் 24 கோடி இருக்கும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை நன்றாக இயங்குபவை. அப்படிப்பட்ட ஒரு மடிக்கணினியைப் புதிய இயங்குதளத்துக்குத் தயார்செய்வது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. வரிசை முக்கியம். மறுபடி கிடைக்காததை முதலில் காப்பாற்ற வேண்டும்; காசு கொடுத்தால் கிடைப்பதைக் கடைசியில் கவனித்தால் போதும். இயங்குதளத்தை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இருபது வருடக் கூட்டக் குறிப்புகளை எங்கிருந்தும் இறக்க முடியாது.

திருத்தம் நின்றால் என்ன ஆகும்?

இயங்குதளம் என்பது பல கோடி வரிகள் கொண்ட நிரல். அத்தனை பெரிய நிரலில் ஓட்டைகள் இருக்கவே செய்யும். யாராவது ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிக்க, நிறுவனம் அதை அடைத்துத் திருத்தம் அனுப்புகிறது. அந்தத் திருத்தம் இரண்டு பேருக்குப் பயன்படுகிறது. கணினி வைத்திருப்பவருக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. தாக்க நினைப்பவருக்கோ, பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள வழி கிடைக்கிறது.

2017இல் இதை உலகமே பார்த்தது. விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14ஆம் தேதி திருத்தம் வந்தது. மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற தீநிரல் அதே ஓட்டை வழியாகப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது; பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இடையில் இருந்த ஏறத்தாழ இரண்டு மாதத்தில் திருத்தத்தை ஏற்றியிருந்த கணினிகளுக்கு அந்த ஓட்டை வழியே ஒன்றும் நேரவில்லை.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொதுவான நிரல் நிறைய உண்டு. 11க்கு வரும் ஒவ்வொரு திருத்தமும், அடைபடாத 10இல் எங்கே தேடலாம் என்று சொல்லிக்கொடுக்கிறது. வாரம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. கால அவகாசம் வேண்டுவோருக்கு மைக்ரோசாப்ட் ஒரு வழி வைத்தது. தனிப்பட்ட பயனர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம். 30 அமெரிக்க டாலர் கட்டிச் சேரலாம். கணினி அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லாமலும் சேரலாம். அந்த அவகாசத்தை ஆயத்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்.

எண்களாய்க் கிடக்கும் தமிழ்

இயங்குதளம் மாற்றுவதைப் பற்றி ஆங்கிலத்திலும் மலாயிலும் எத்தனையோ வழிகாட்டிகள் கிடைக்கின்றன. தமிழ்க் குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் மட்டும் உள்ள ஒரு சிக்கலை அவை தொடுவதில்லை. அதையே நான் முதலில் வைக்கிறேன்.

மலேசியத் தமிழர்கள் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கியது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் தரம் வருவதற்கு முன்பே. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பிறகு அது முரசு அஞ்சல் என்ற பெயரில் பரவியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ் ஏறப் பாடுபட்டார். யூனிகோட் தரத்தில் தமிழ் 1991லேயே இடம்பெற்றாலும், விண்டோஸில் அதற்கு ஆதரவு விண்டோஸ் 2000 பதிப்போடுதான் லதா எழுத்துருவாக வந்தது. மக்கள் அதற்குப் பழக மேலும் பல வருடங்கள் ஆயின. இடைக்காலத்தில் எழுதப்பட்ட ஆண்டறிக்கைகள், கும்பாபிஷேக மலர்கள், பள்ளி இதழ்கள், திருமண அழைப்பிதழ்கள், உறுப்பினர் பட்டியல்கள் எல்லாம் டிஸ்கி, தாப், தாம், பாமினி போன்ற குறியாக்கங்களில் இருக்கின்றன.

கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் சிக்கல் புரிந்துவிடும். 'தமிழ்' என்ற சொல்லை டிஸ்கி முறையில் எழுதிச் சேமித்தால் வட்டில் நான்கு எண்கள் பதிகின்றன: 190, 193, 162, 250. இந்த எண்களுக்கு உரிய வடிவங்களை டிஸ்கி எழுத்துரு தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினி அதே எண்களை மேற்கு ஐரோப்பிய அட்டவணைப்படி படிக்கிறது. அப்போது திரையில் வருவது ஒரு முக்கால் பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் நாணயக் குறி, சாய்கோடு போட்ட சிறிய யு. பாமினி எழுத்துருவில் எழுதிய கோப்பு என்றால் அதே சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாய் நிற்கும். கோப்பு கெடவில்லை, எண்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த எழுத்துரு மட்டும் போய்விட்டது.

எழுத்துரு போவது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போதுதான். பழைய எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். 'என் கோப்புகள் எல்லாவற்றையும் காப்பியடித்துவிட்டேன்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தைத் தொட்டிருப்பதில்லை. யூனிகோட் கோப்புகளுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. விண்டோஸ் 10 முதல் லதா எழுத்துரு தானாக வருவதில்லை. தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பப் பகுதியில் இருக்கிறது. அதை நிறுவாவிட்டால் லதாவில் பக்கம் கட்டிய ஆவணம் வேறு எழுத்துருவுக்கு மாறும். வரிகளும் பக்கங்களும் இடம்பெயரும்.

ஆகவே பழைய கணினி இன்னும் பழையபடியே இருக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் தனியே படியெடுத்து வையுங்கள். இரண்டாவது, பழைய தமிழ் ஆவணங்கள் ஒவ்வொன்றையும் திறந்து, அச்சிடும் கட்டளையில் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து ஒரு பிடிஎஃப் எடுங்கள். அதற்குள் எழுத்தின் வடிவங்களும் சேர்ந்தே பதிவதால் எந்தக் கணினியிலும் பார்த்த மாதிரியே தெரியும். மூன்றாவது, உள்ளடக்கத்தை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். முரசு அஞ்சலிலும், சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டரிலும் இதற்கு வசதி உண்டு.

மாற்றியபின் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள். காரணம் எழுத்துகளின் வரிசையில் இருக்கிறது. 'கொடி' என்பதன் முதலெழுத்தை டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என 166, 184, 161. யூனிகோட் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. மாற்றும் மென்பொருள் எண்களை மாற்றுவதோடு அவற்றை இடம்மாற்றவும் வேண்டும். பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும். தவறும் இடம் ஔகாரம். சில பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகர எழுத்துக்கும் ஒரே வடிவம். அதனால் கௌரி என்ற பெயர் எகரக் குறியும் ளகரமும் சேர்ந்த மூன்றெழுத்தாக மாறிவிடும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் உறுப்பினர் பட்டியலில் கௌரி என்று தேடினால் கணினி 'இல்லை' என்று சொல்லும்; அகரவரிசையிலும் அவர் பெயர் தவறான இடத்தில் போய் நிற்கும். கௌரி, சௌந்தரி, பௌர்ணமி போன்ற சொற்களைத் தேடிப் பார்ப்பது நல்ல சோதனை.

பேஜ்மேக்கரில் வடிவமைத்த மலர்களுக்கு இன்னும் அவசரம் உண்டு. அடோபி அந்த மென்பொருளின் வளர்ச்சியை 2004இல் நிறுத்திவிட்டது. புதிய இயங்குதளத்தில் அது இயங்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. அது திறக்கும் கணினி கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிட வேண்டும்.

வெள்ளம் வரும் ஊரில் காப்புநகல்

யோங் பெங், பத்து பகாட் மாவட்டத்தின் தாழ்வான வட்டாரத்தில் இருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 2023 மார்ச் மாதக் கனமழையில் மாநிலம் முழுவதும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். யோங் பெங் வட்டாரமும் நீரில் நின்றது. பத்து பகாட் மாவட்டத்தில் வெள்ளம் வடிய வாரக்கணக்கில் ஆனது.

இதற்கும் கணினிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மடிக்கணினியில் உள்ள ஹார்ட் டிஸ்க் முற்றிலும் அடைத்த பெட்டி கிடையாது. உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க அதில் ஒரு நுண்துளை உண்டு. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். சேற்றுநீர் ஒரு துளி உள்ளே போனாலும் அந்த இடைவெளி போய்விட்டது. மடிக்கணினி இருந்த அதே அலமாரியில் காப்புநகல் எடுத்த வட்டையும் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே மூழ்கும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய ஒரு விதி உலகெங்கும் நிலைத்துவிட்டது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். மூன்றாவது பிரதிக்கு இணையச் சேமிப்பு போதும். தமிழ் எழுத்து அங்கே மிகக் குறைந்த இடமே எடுக்கும். யூனிகோட்டின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். 2,000 குறியீடுகள் உள்ள பக்கம் ஏறத்தாழ 6 கிலோபைட். ஆயிரம் பக்கம் என்றால் 6 மெகாபைட், ஒன்றிரண்டு புகைப்படங்களின் அளவு. ஒரு சங்கத்தின் இருபது வருட எழுத்து முழுவதும் கூகுள் தரும் 15 ஜிகாபைட் இலவச இடத்தில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

புகைப்படங்களுக்கும் காணொளிகளுக்கும் வெளிவட்டு வேண்டும். அதற்கான நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 200 ஜிகாபைட்டைப் பழைய யுஎஸ்பி 2.0 துளை வழியே நகலெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 துளையில் ஏறத்தாழ அரைமணியில் முடியும். பென்டிரைவ் ஃபாட்32 முறையில் அமைந்திருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. நீளமான திருமணக் காணொளிகள் அங்கேதான் சிக்கும். நகலெடுத்து முடித்ததும் வேறொரு கணினியில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ணக் கூடாது.

கோப்புகளாகக் கண்ணில் படாத சிலவும் இருக்கின்றன. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் செயலியின் உள்ளே கிடக்கும் பழைய அஞ்சல்கள், கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், அதன் உரிம எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக எடுங்கள்.

எந்தக் கணினி தேறும்?

எழுத்தும் படமும் பத்திரமானபின் கணினியைப் பார்க்கலாம். விண்டோஸ் 11 கேட்பவை: 64 பிட் செயலி, 4 ஜிகாபைட் ரேம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், யுஇஎஃப்ஐ வகைத் தொடக்க நிரல், பாதுகாப்பான தொடக்கம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி. இவற்றுக்கு மேல் செயலியின் பெயர் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பட்டியலிலும் இருக்க வேண்டும். இன்டெல் கோர் வகையில் சிற்சில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை முதலும், ஏஎம்டி வகையில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதலும் ஏற்கப்படுகின்றன. மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்ற செயலியை இறக்கி ஓட்டினால் எதில் தேறவில்லை என்று சொல்லிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இன்டெல் ஐ5-6200யு செயலி, 4 ஜிகாபைட் ரேம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். 2016 வாக்கில் இதுபோன்ற மடிக்கணினிகள் நிறைய விற்றன. இது 64 பிட் செயலி. டிபிஎம் வேலையைச் செய்யும் வசதியும் செயலியோடு வருகிறது. பல கணினிகளில் பயாஸ் (தொடக்க நிரல்) பக்கத்தில் பிடிடி என்ற பெயரில் அணைத்து வைத்திருப்பார்கள், இயக்கினால் போதும். ஆனால் ஐ5-6200யு ஆறாம் தலைமுறை. பட்டியலில் இல்லை. 2017இல் வந்த ஐ5-8250யு இருந்திருந்தால் தேறியிருக்கும்.

இந்தக் கோடு ஏன் அங்கே போடப்பட்டது? ஒரு காரணம் பாதுகாப்பு. இயங்குதளத்தின் மையத்துக்குள் முன்பின் தெரியாத நிரல் நுழையாமல் காக்கும் ஒரு முறையை விண்டோஸ் 11 முன்னிறுத்துகிறது. அதற்கு உதவும் வன்பொருள் வசதி ஏழாம் தலைமுறையில்தான் இன்டெலில் வந்தது. அதற்கு முந்தைய செயலிகளில் அதே வேலையை மென்பொருள் செய்தாக வேண்டும், வேகம் குறையும். ஏழாம் தலைமுறையையும் பெரும்பாலும் ஒதுக்கியது மைக்ரோசாப்ட் எடுத்த முடிவு. பட்டியலில் இல்லாத செயலியிலும் நிறுவக் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று உறுதியில்லை என மைக்ரோசாப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திருத்தம் வேண்டும் என்பதற்காகவே மாறுகிறவர் திருத்தம் உறுதியில்லாத இடத்துக்குப் போவதில் பயனில்லை.

டிபிஎம் பற்றித் தெரிந்துகொள்வது நடைமுறையிலும் உதவும். கணினி துயிலெழும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிரல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஓடும் முன் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சுருக்க எண் கணக்கிடப்பட்டு டிபிஎம்மில் பதிவாகிறது. வட்டைத் திறக்கும் சாவியை டிபிஎம் வைத்திருக்கிறது. பதிவான எண்கள் நேற்றுப் போலவே இருந்தால்தான் தரும். கடித உறையின் அரக்கு முத்திரை மாதிரி, யாராவது இடையில் தொட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நீங்களே பயாஸைப் புதுப்பித்தாலும் அந்த எண்கள் மாறும். அப்போது வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சில மடிக்கணினிகளில் இந்த வட்டுப் பூட்டு உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸைத் தொடும் முன் அமைப்புகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியைக் கையால் தாளில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

இன்னொரு பொறி: பழைய கணினி சில நேரம் லெகஸி என்ற பழைய தொடக்க முறையில் நிறுவப்பட்டிருக்கும். பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிட்டால் இருக்கிற விண்டோஸ் கிளம்பாது. முதலில் வட்டின் பிரிவு அட்டவணையை யுஇஎஃப்ஐ கேட்கும் ஜிபிடி வடிவுக்கு மாற்ற வேண்டும். அதற்கான எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10இலேயே இருக்கிறது.

சுழலும் தட்டின் கணக்கு

'கணினி ரொம்ப ஸ்லோ, பழசாகிவிட்டது' என்ற புலம்பலின் காரணம் பெரும்பாலும் செயலியில் இல்லை. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தேவையான தகவல் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்று, 5.6 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். முனை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி. இரண்டையும் கூட்டினால் ஒரு வினாடியில் அறுபது இடங்களைத்தான் தொட முடியும். விண்டோஸ் தொடங்கும்போது வட்டில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் கிடையாது. சிப்புகளில் அடைபட்ட மின்னூட்டத்தை அது அளக்கிறது. ஓரிடத்தைப் படிக்க ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு வேறு எந்த உதிரிப்பாகத்தை மாற்றினாலும் கிடைக்காது.

ரேமை 8 ஜிகாபைட் ஆக்குவது அடுத்தது. வாங்கும் முன் உங்கள் கணினியில் இருப்பது டிடிஆர்3எல் வகையா டிடிஆர்4 வகையா என்று பாருங்கள். இரண்டின் வெட்டும் முள் எண்ணிக்கையும் வேறு, ஒன்று மற்றதில் ஏறாது. மெல்லிய கணினிகள் சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைத்தே வரும். அங்கே கூட்ட வழியில்லை.

அடிமூடியைத் திறக்கும்போது முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. பேட்டரியைக் கண்ணால் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது தலையணையாக உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அழுத்தாமல், குத்தாமல் எடுத்து மாற்ற வேண்டும். அதை வைத்துக்கொண்டு எந்தப் புதுப்பிப்பும் செய்யக் கூடாது. காற்றாடிக்கும் செம்புத் துடுப்புகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி போல் படிந்திருக்கும். அதைத் தூரிகையால் எடுங்கள். ஐ5-6200யு 100 பாகை வெப்பம் வரை தாங்கும்; அந்த எல்லையை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். ஜொகூரின் வெக்கையில் தூசி அடைத்த கணினி அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும்.

பேட்டரி உப்பாமல் இருந்தாலும் எவ்வளவு தாங்கும் என்று அறிய, கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையைப் பேட்டரி அறிக்கை கேட்டு ஓட்டலாம். புதிதாக இருந்தபோது கொண்ட கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் அது அருகருகே காட்டும். பயாஸ் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் கணினியின் தொடக்க நிரல் பாதியில் நின்றுவிடும்; சில கணினிகள் மறுபடி எழாமலே போகும். மலேசியா உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்று. இடிக்கும் பொழுது பெரும்பாலும் பிற்பகல். அதனால் பயாஸ் வேலையைக் காலையில், பேட்டரி நிறைந்திருக்கும்போது, சார்ஜரையும் செருகிவைத்துச் செய்யுங்கள்.

பழைய வட்டைத் தொடாதீர்கள்

என் உறுதியான பரிந்துரை இது: பழைய வட்டின் மேலேயே புதிய இயங்குதளத்தை ஏற்றாதீர்கள். எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, அதில் புதிதாக நிறுவுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டு வையுங்கள். இருந்த இடத்திலேயே மேம்படுத்தினால் விண்டோஸ் பழைய நிலைக்குத் திரும்பத் தரும் அவகாசம் வழக்கமாகப் பத்து நாள்தான். பழைய வட்டு கையில் இருந்தால் அந்தக் கெடு இல்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் வட்டைத் திரும்பப் பொருத்தினால் பழைய கணினி, பழைய எழுத்துருக்களோடும் பேஜ்மேக்கரோடும் அப்படியே எழும். அப்படி எழுப்பும்போது மட்டும் இணையத்தில் இணைக்காதீர்கள்.

எஸ்எஸ்டியில் எதை நிறுவுவது? பட்டியலில் தேறிய கணினிக்கு விண்டோஸ் 11. தேறாத ஆறாம் தலைமுறைக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22 நல்ல தேர்வு. 2029 வரை அதற்குத் திருத்தங்கள் வரும், கட்டணம் இல்லை. பென்டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலே சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். வரி செலுத்தும் இ-ஃபைலிங், வங்கி, மின்னஞ்சல் எல்லாம் உலாவி வழியே நடப்பவை என்பதால் அவை அங்கேயும் இயங்கும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. பழகிய விரல்கள் மறக்க வேண்டியதில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரருக்கு இந்த வழி ஒத்துவராது. அவர் நீட்டிப்புக் காலத்தைப் பயன்படுத்திக்கொண்டு தேறக்கூடிய கணினிக்கு மாறுவதே சரி. பழைய அச்சுப்பொறிக்கு எந்த இயங்குதளத்தில் இயக்கி நிரல் கிடைக்கிறது என்பதையும் முடிவெடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததா என்று அறிய ஒரே சோதனை போதும். உங்களிடம் உள்ளவற்றிலேயே பழைய தமிழ் ஆவணத்தைப் புதிய கணினியில் திறங்கள். அதில் உள்ள ஒரு பெயரைத் தேடுங்கள். தேடிய பெயர் கிடைத்து, அச்சிலும் சரியாக வந்தால் மாற்றம் நிறைவேறிவிட்டது. கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பழைய வட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள். ஆண்டறிக்கை, கணக்குத் தணிக்கை, திருவிழா, பள்ளிப் பதிவு என்று வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று வந்துவிடும். அந்தச் சுற்றில் ஒருமுறைகூட அந்த வட்டைத் தேட நேரவில்லை என்றால், அதை அழித்துவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.